ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் குறைவு

என் வீட்டுக்காரரின் முடி வளர்ந்து காதை மூடியபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தக் காதுகளை முழுசாகப் பார்க்காத நாள் எனக்கு இருந்ததில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு முடிவெட்டு, மற்ற ஞாயிறுகளில் சவரம். காலை எட்டு மணிக்குத் தன் சிநேகிதரின் சலூனில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மழையோ காய்ச்சலோ அதைத் தடுத்ததில்லை. மகள் பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நான் வலியில் துடித்துக்கொண்டிருக்க, ஐயா வழவழவென்ற முகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட மனிதர், அதே சலூன்காரரோடு ஐந்து நாடுகளைச் சைக்கிளில் கடந்துவிட்டு வந்த பிறகு, ஆறு ஞாயிறு ஆகியும் அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சாப்பாடு இறங்காது. என் அம்மா இதைக் கெட்ட குணம் என்பாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் முத்திரை ஆய்வாளர். கடைகளில் இருக்கும் தராசு, எடைக்கல், பெட்ரோல் பங்கின் அளவு எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் அரசாங்க முத்திரை குத்துவது அவர் வேலை. பித்தளைக் கற்கள் அடுக்கிய மரப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தால் வியாபாரிகள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். ஊரில் அவருக்குப் பெயரே ‘முத்திரை’தான். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரித் தராசை நம்பாமல் குழந்தையை இன்னொரு தராசில் நிறுக்கச் சொன்னார். முப்பது கிராம் வித்தியாசம் வந்தது. குழந்தை யார் ஜாடை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, இவர் மூலையில் உட்கார்ந்து அந்தத் தராசைப் பற்றிப் புகார் எழுதிக்கொண்டிருந்தார்.

நானும் அளவுக்காரிதான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். நூறு மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டில் வெட்டுகிற வேலை. கழுத்தில் இஞ்ச் டேப்பும் இடுப்புப் பையில் சாக்பீஸும் இல்லாமல் என்னை யாரும் பார்த்திருக்க முடியாது. கோட்டில் கால் இஞ்ச் பிசகினால் நூறு சட்டையும் பிசகும். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

சைக்கிள் பைத்தியம் அந்தச் சலூனில்தான் ஆரம்பித்தது. மூன்றாவது சிநேகிதர் ஒரு பஸ் டிரைவர். இருபத்தைந்து வருடம் ஒரே வழித்தடத்தில் ஓட்டியவர். ஒரு ஞாயிறு முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னாராம்: “கடைசி ஸ்டாப்ல வண்டியத் திருப்பும்போது தினமும் பாக்கறேன். ரோடு அதுக்கப்புறமும் போகுது. எங்க போகுதுன்னு இதுவரைக்கும் தெரியாது.”

இவ்வளவுதான் பேச்சு. அடுத்த ஞாயிறு சலூன் சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. அந்த ரோடு இன்னும் நாலு நாடுகளைக் கடந்து ஒரு கடலில் போய் முடிகிறது என்று மூவரும் கண்டுபிடித்துவிட்டார்கள். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த மூன்று ஆண்கள் பேசுகிற பேச்சா என்று நான் சிரித்தேன். இரண்டு வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார்கள், விசாவுக்கு வரிசையில் நின்றார்கள், விடிகாலையில் மூச்சிரைக்க ஓட்டிப் பழகினார்கள். அப்புறம் நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் கூடத்தில் மூன்று சைக்கிள்களையும் நிறுத்தி, மூன்றிலும் ஒரே மாதிரி மீட்டரை இவர் பொருத்தினார். அந்த மீட்டருக்குத் தூரம் என்றால் என்னவென்றே தெரியாது. முன்சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று மட்டும் எண்ணும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக என் டேப்பை வாங்கி, ஒவ்வொருவரையும் சைக்கிளில் உட்காரவைத்து, சக்கரத்தை ஒரே ஒரு சுற்று உருட்டித் தரையில் அளந்தார். மூன்றும் ஒரே ரக டயர், 210.5 சென்டிமீட்டர். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டார். சும்மா உருட்டினால் போதாதா என்று கேட்டேன். “ஆள் உக்காந்தா டயர் கொஞ்சம் அமுங்கும்” என்றார். பெரிய விஷயம்.

நாற்பத்தெட்டு நாள் பயணம். தினமும் போனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வரும். டிரைவர், பழக்கதோஷம், திருப்பங்களில் கை காட்டிவிட்டுக் கண்ணாடியே இல்லாத இடத்தில் கண்ணாடியைப் பார்ப்பாராம். சலூன்காரர் கத்தரிக்கோலும் சீப்பும் கொண்டு போயிருந்தார். ஒரு வார்த்தை பாஷை தெரியாத ஊர்களில் அவர் நாலு பேருக்கு முடிவெட்டிவிட, மூவருக்கும் படுக்க இடமும் சூடான சூப்பும் கிடைத்திருக்கின்றன. என் வீட்டுக்காரர் செய்த ஒரே சாதனை, மூன்றாவது எல்லைச் சாவடியில் மூட்டைகளை எடைபோட்ட தராசு சரியில்லை என்று அந்த அதிகாரியிடமே சைகையில் விளக்கியதுதான். மூன்று மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள்.

அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. மூவரில் சலூன்காரர்தான் மெதுவாக ஓட்டுவார். அதனால் அவர்தான் முன்னால் போகவேண்டும், மற்ற இருவரும் அவர் வேகத்தில் பின்னால் வரவேண்டும். ஏற்றத்தில் மட்டும் அந்த விதி கிடையாது. ஏற்றத்தில் அவரவர் மூச்சு அவரவருக்கு.

போன மூவரும் கறுத்து இளைத்துத் திரும்பி வந்தார்கள். சலூன்காரர் வரைபடத்தில் எங்கள் ஊரிலிருந்து அந்தக் கடல்வரை சிவப்பு மையில் கோடு இழுத்தார். பக்கத்தில் கடற்கரையில் மூவரும் நிற்கிற போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினார். வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கதை. சலூனில் உட்காரவே இடமில்லை என்று டிரைவர் சொன்னார். என் வீட்டுக்காரர் மட்டும் போகவில்லை. வீட்டிலேயே சவரம் செய்து கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். அலுவலகத்துக்கும் சலூன் தெருவை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

டிரைவரைப் பிடித்து விசாரித்தேன். “எனக்கும் அதான் புரியலம்மா. கடைசி நாள்ல இருந்தே ஒரு மாதிரி உம்முன்னு இருந்தான். களைப்புன்னு நெனச்சேன்” என்றார். சலூன்காரரிடம் ஏதாவது சண்டையா என்று கேட்டேன். “அவன்கிட்ட யாரால சண்டை போட முடியும்?” என்றார்.

சரி, நோட்டைப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்புதான். ஆனால் அவர் என் அளவு நோட்டைப் படித்து ஆறாம் பக்கத்தில் கூட்டல் தப்பு என்று குறி போட்டவர். பத்து வருடமாகத் தீராத கணக்கு அது. எடுத்துப் படித்தேன்.

தினமும் ஒரு பக்கம். புறப்பட்ட நேரம், காற்று, பஞ்சர், தன் மீட்டரில் எத்தனை கிலோமீட்டர். கடைசிப் பக்கத்தில் மூவரின் மொத்தமும் இருந்தது. அவர் 3,412. டிரைவர் 3,414. சலூன் 3,360. அந்த மூன்றாவது எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் 52 என்று எழுதியிருந்தது. பேனாவை அழுத்தின அழுத்தில் தாள் கிழிந்திருந்தது.

சாயங்காலம் அவர் முன்னால் நோட்டை விரித்து வைத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

“மலைக் கணவாய் தாண்டின அன்னைக்கு அவன் எங்களுக்கு ரெண்டு மணி நேரம் பின்னாடி வந்தான். கையில ஒரு பை ஆப்பிள். லாரிக்காரர் குடுத்தார்னான். லிஃப்ட் குடுக்கறேன்னாராம், இவன் வேண்டாம்னானாம், சரி ஆப்பிளாவது சாப்பிடுன்னு குடுத்தாராம்.”

“இருக்கலாமே?”

“நானும் நம்பினேன். கடைசி நாள் மீட்டரை எழுதறேன், அம்பத்திரெண்டு கொறையுது. கணவாய்க்கு இந்தப்பக்கம் அடிவாரத்துல இருந்து அந்தப்பக்கம் ஊர் வரைக்கும் எவ்வளவு தெரியுமா? அம்பத்திநாலு.”

“மிச்சம் ரெண்டு?”

“நாங்க தாண்டுற வரைக்கும் அடிவாரத்துலயே காத்திருந்து லாரியில ஏறி, ஊருக்கு முன்னாடி இறங்கி ஓட்டிட்டு வந்திருப்பான்.”

ஒரு கிலோ சர்க்கரையில் ஐந்து கிராம் குறைந்தால் கண்டுபிடிக்கிற மூளை அது. எல்லாவற்றையும் பொருத்தி வைத்திருந்தது.

“ஏறினா என்ன? மனுஷனுக்கு முடியல, ஏறியிருப்பார்” என்றேன்.

“ஏறினதுல தப்பே இல்ல. என்கிட்ட சொல்லியிருந்தா நானே அவன் சைக்கிளைத் தூக்கி லாரியில வச்சிருப்பேன். இப்ப அங்க போனா என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு, அந்த நாற்காலியில நான் உக்காந்திருக்கேன், அவன் எல்லாருக்கும் அந்த ஆப்பிள் கதையச் சொல்றான், கண்ணாடியில என்னைப் பாத்து ‘இல்லையா முத்திரை?’ன்னு கேக்கறான். ஆமான்னு சொன்னா நான் யாரு? இல்லன்னு சொன்னா அவன் என்ன ஆவான்?” நோட்டை மூடினார். “எனக்கு இருக்கறது ரெண்டே சிநேகிதனுங்க.”

அவர் குரல் கம்மியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. சலூன்காரரிடம் ஒரு சொல் கேட்டால் தீர்ந்துவிடும், கேட்டால் சிநேகிதமே உடைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்றேன். பார்க்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு எட்டேகாலுக்கு, டிரைவரைத் தேடுகிற சாக்கில் சலூனுக்குப் போனேன். மூன்று நாற்காலி. இரண்டில் ஆள். பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். முதல் நாற்காலி காலியாக இருந்தது. அதன் கைப்பிடியில் துவைத்து மடித்த வெள்ளைத் துணி.

“இவ்வளவு பேர் காத்திருக்காங்க, அங்க யாரையும் உக்காரவைக்கலையா அண்ணே?” என்றேன்.

“எட்டரை வரைக்கும் அது அவன் நாற்காலி தங்கச்சி” என்றார் சலூன்காரர். கத்தரிக்கோலை நிறுத்தாமலேதான் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நான் மெதுவா ஓட்டினதுல அவனுக்குக் கோவமா? எட்டு நாள் முன்னாடியே முடிச்சிருக்கலாம். என்னாலதான் இழுத்துது. அவன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. நானே வந்து மன்னிப்புக் கேக்கறேன்” என்றார்.

நான் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அங்கே சுவரில் சாய்த்து சலூன்காரரின் சைக்கிள் நின்றது. பயணத்தில் போன அதே சைக்கிள். அதில்தான் இப்போதும் தினமும் வருகிறார்.

இருபது வருடமாகத் துணி மடிப்பைப் பார்த்தே கனம் சொல்கிற கண் எனக்கு. பின்டயரைவிட முன்டயர் தடியாக இருந்தது.

“அண்ணே, ரெண்டு டயரும் வேறவேறயா இருக்கே?”

“அதுவா? பாதி வழியில கண்ணாடி குத்தி முன்டயர் கிழிஞ்சு போச்சு. அந்த ஊர்ல ஒரே ஒரு கடை. இந்தத் தடி டயர்தான் இருந்துது. உங்க வீட்டுக்காரர்தான் மாட்டினார்.”

“மாட்டினப்ப இந்த மீட்டர்ல ஏதாவது மாத்தினாரா?”

“மீட்டரத் தொடவே இல்லையே. மழை கொட்டுச்சு, அப்படியே கிளம்பிட்டோம். ஏன்?”

ஏன் என்று நான் சொல்லவில்லை. உறுதி கொடுத்திருக்கிறேனே. “ஒரு நிமிஷம் இதுல ஏறி உக்காருங்க” என்றேன். பாதி முடிவெட்டில் இருந்த வாடிக்கையாளர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். சலூன்காரர் கத்தரிக்கோலோடு சைக்கிளில் ஏறினார். டயரில் காற்றடிக்கிற வால்வு தரையைத் தொடுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். சக்கரம் ஒரு சுற்று உருண்டு வால்வு மறுபடி கீழே வந்ததும் இன்னொரு கோடு. கழுத்திலிருந்து டேப்பை உருவி அளந்தேன். சந்தேகத்துக்கு இரண்டாம் முறையும் அளந்தேன்.

216.8.

ஆறு சென்டிமீட்டருக்கு மேல். அதாவது இரண்டரை இஞ்ச். ஒவ்வொரு சுற்றுக்கும் இந்த மனிதர் இரண்டரை இஞ்ச் அதிகமாகப் போயிருக்கிறார், மீட்டர் அதை எண்ணவே இல்லை. நூறு மடிப்புத் துணியில் கால் இஞ்சுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவள் நான். பாதிப் பயணத்துக்கு எத்தனை லட்சம் சுற்று?

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். இவர் கண்ணாடி முன்னால் சவரக் கத்தியோடு நின்றிருந்தார். நோட்டை எடுத்து டயர் மாற்றிய நாளின் பக்கத்தைத் திருப்பினேன். அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘சலூன் மீட்டரில் 1,604. முன்டயர் மாற்றம். கனமழை.’

“முன்டயர் இப்ப 216.8” என்றேன். “நீங்க மாட்டின டயர்.”

அவர் கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. பேனாவை எடுத்துப் பெருக்கினார், வகுத்தார். இன்னொரு தடவை செய்தார். விடையைப் பார்த்தார். 3,412.6.

பழுதுபார்த்த தராசை மறுபடி சோதித்து முத்திரை குத்தாமல் கடையில் வைத்தால் அவர் யாரையும் விட்டதில்லை. கிழவி என்றும் பார்க்க மாட்டார், சொந்த மச்சான் என்றும் பார்க்க மாட்டார். அந்த மனிதர் தன் கையால் சக்கரத்தை மாற்றிவிட்டு, அளவை மாற்றாமல் விட்டு, அந்தத் தப்பு அளவை வைத்துச் சிநேகிதனை நிறுத்துப் பார்த்திருக்கிறார். ஊர்த் தராசையெல்லாம் பார்த்தவருக்குத் தன் தராசு கண்ணில் படவில்லை. வேறு சமயமாக இருந்தால் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை.

“அவருக்கு எதுவும் தெரியாது” என்றேன். “நீங்க பேசாம போய் உக்காந்தா போதும். களைப்பா இருந்துதுன்னு சொல்லிக்கலாம்.”

“அது கொறைஞ்ச அளவு” என்றார். நுரையைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார்.

நான் கூடப் போகவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போனேன்.

மணி எட்டரை தாண்டிவிட்டது. முதல் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. சலூன்காரர் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைத் துணியை உதறி இவர் கழுத்தில் கட்டி, தண்ணீர் தெளித்து, வலப்பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தார். வலது காது வெளியே வரும்வரை இவரும் பேசவில்லை. அப்புறம் கண்ணாடியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். 52, கணவாய், லாரி, டயர், ஒன்றையும் விடவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

“கடைசி நாள்ல இருந்தா?” என்றார் சலூன்காரர்.

“ஆமா.”

“கடல்கிட்ட போட்டோ எடுத்தப்பவும்?”

“அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான் மீட்டரை எழுதினேன்.”

சலூன்காரர் சுவரிலிருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தார். அதில் இரண்டு பேர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் வீட்டுக்காரர். “இவனுக்குக் கடல் புடிக்கலபோலன்னு நெனச்சேன்” என்றார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே முடியவில்லை.

“நான் எவ்வளவு ஓட்டினேன்?” என்று கேட்டார்.

“மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு, ஆறுநூறு மீட்டர். என்னைவிட ஆறுநூறு மீட்டர் அதிகம்.”

“எந்திரி” என்றார் சலூன்காரர். துணியை அவிழ்த்து உதறினார்.

“இந்தப் பக்கம்?” இவர் இடது காதை மூடியிருந்த முடியைத் தொட்டுக் காட்டினார்.

“அடுத்த ஞாயிறு, எட்டு மணிக்கு. அம்பது நாள் என்னைக் கொறையா வச்சிருந்த. நீ ஒரு வாரம் கொறையா சுத்து.”

வேறு யாராக இருந்தாலும் பக்கத்துச் சலூனுக்குப் போயிருப்பார்கள். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு அப்படியே தெருவில் இறங்கி நடந்தார். வலப்பக்கம் அரசாங்க அதிகாரி, இடப்பக்கம் ஆறு வாரம் வீட்டைவிட்டு ஓடிப்போனவர். திங்கட்கிழமை அந்தத் தலையோடு அலுவலகம் போனார். மேலதிகாரி கூப்பிட்டு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாராம். செவ்வாய்க்கிழமை பித்தளைக் கற்களோடு சந்தைக்குப் போனார். வெங்காயக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு, என்ன சார் இது என்று கேட்டிருக்கிறார். “என் அளவு தப்பாயிடுச்சு, தண்டனை” என்று பதில் சொல்லியிருக்கிறார். புதன்கிழமைக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. தொப்பி வாங்கித் தரட்டுமா என்றேன். முறைத்தார். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் சலூன் தெரு வழியாகத்தான் போனார், வந்தார்.

ஞாயிறு ஏழரைக்கே கிளம்பிவிட்டார். இந்த முறை நான் போகவில்லை. ஒன்பது மணிக்கு டிரைவரும் அவருமாகப் பேசிக்கொண்டே திரும்பி வந்தார்கள். ரோடு அந்தக் கடலுக்கு அந்தப் பக்கமும் தொடர்கிறதாம். இரண்டு காதும் தெரிந்தன. இரண்டு கண்ணும் சிவந்திருந்தன.

“கண்ணுல முடி விழுந்துடுச்சு” என்றார்.

ரெண்டு கண்ணிலயுமா என்று கேட்க வாய் வந்தது. எல்லாவற்றையும் கேட்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை. கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவருடையதும் டிரைவருடையதுமாக இன்னும் இரண்டு முன்டயர் அளக்கவேண்டியிருந்தது.